பேச்சுப் போட்டியில் நாம் எதற்கு மதிப்பெண் இடுகிறோம்?

இவ்வாண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டபொழுது, சமயம் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் பலர் இருக்கிறார்கள், எனக்குத் தெரிந்த ஒன்றைப் பற்றி எழுதித் தருகிறேன் என்றேன். எனக்குத் தெரிந்தது நீதிபதி மேசை. நீதிமன்றத்து மேசை அன்று. பள்ளி மண்டபங்களிலும் கோவில் மண்டபங்களிலும் பேச்சுப் போட்டி நடக்கும்பொழுது மேடைக்கு எதிரே வெள்ளைத் துணி விரித்துப் போடுவார்களே, அந்த மேசை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அதன் பின்னால் அமர்ந்து வருகிறேன்.

ஒவ்வொரு போட்டி முடிந்த பிறகும் பெற்றோர் எவரேனும் என்னை வாசலில் நிறுத்துவார். கோபத்தோடு அல்ல, பெரும்பாலும் பணிவோடுதான். "ஐயா, எங்க பையன் எங்க தவறிட்டான்? சொன்னீங்கன்னா அடுத்த வருசத்துக்குத் திருத்திக்குவோம்" என்பார். நானும் ஏதோ சொல்வேன். குரல் இன்னும் கொஞ்சம் எழும்ப வேண்டும், கையை அளவோடு அசைக்க வேண்டும், ழகரத்தில் கவனம் வேண்டும் என்பேன். அவர் நன்றி கூறிப் போய்விடுவார். நான் சொன்னது உண்மையான விடைதானா என்று நெடுங்காலம் நான் யோசித்ததில்லை. யோசிக்க வைத்தது 2008-ஆம் ஆண்டு நடந்த ஒரு போட்டி.

அது நம் வடபகுதியில் நடைபெற்ற வட்டார அளவிலான போட்டி. நான்காம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரை பயிலும் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் பதினொரு பேர் கலந்துகொண்டனர். தலைப்பு 'நூலகம்'. நீதிபதிகள் மூவர், தலைமை நீதிபதி அடியேன். எங்கள் கையில் இருந்த தாளில் கருத்துக்கு 40, மொழிநடைக்கு 30, குரல்வளத்துக்கு 20, அவைநயத்துக்கு 10 என்று அச்சிட்டிருந்தது. இந்தப் பங்கீட்டை யார், எப்பொழுது வகுத்தார்கள் என்று எங்களில் எவருக்கும் தெரியாது. முந்திய ஆண்டுத் தாளை நகலெடுத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

பதினொருவரில் ஒன்பது பேர் "நீதி வழுவா நீதிபதிகளே, நேரம் தவறா மணிக்காப்பாளரே" என்று தொடங்கினார்கள். இந்த வணக்கவுரை நம் நாட்டுப் பேச்சுப் போட்டிகளின் தேசிய கீதம் போன்றது. அதைப் பற்றி எனக்குக் குறையில்லை. பயந்து நிற்கும் பிள்ளைக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி வேண்டும் அல்லவா?

நான்காவதாக வந்த ஆறாம் ஆண்டு மாணவன் மேடையையே அதிர வைத்தான். அலெக்சாந்திரியா நூலகத்தின் பெருமையையும் அழிவையும் அவன் சொன்னபொழுது, சிற்றுண்டிச்சாலை அம்மா கரண்டியோடு வந்து கதவோரம் நின்று கேட்டார். ஏற்ற இறக்கம், நிறுத்தம், கையசைவு எல்லாம் இம்மியும் பிசகவில்லை. ஒன்பதாவதாக ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி வந்தாள். சின்னக் குரல். ஒலிபெருக்கி அவள் உயரத்துக்கு எட்டவில்லை, எவரும் இறக்கி வைக்கவுமில்லை. மனனம் செய்து வந்ததில் பாதியைச் சொன்னாள், பிறகு மறந்துபோனது. பத்து விநாடி இருக்கும், அசையாமல் நின்றாள். பிறகு தன்பாட்டில் பேசத் தொடங்கினாள். தன் பள்ளி நூலகத்தில் எடுத்த கதைப் புத்தகம் ஒன்றில் கடைசிப் பக்கம் கிழிந்திருந்ததாம். முடிவு என்னவென்று ஆசிரியைக்கும் தெரியவில்லையாம். அதனால் தானே ஒரு முடிவை எழுதி, அந்தத் தாளைப் புத்தகத்தில் ஒட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டாளாம். "அடுத்து எடுக்கிறவங்களுக்குப் பயன்படும்" என்று சொல்லி, நன்றி வணக்கம் கூறாமலேயே இறங்கிப் போய்விட்டாள்.

அந்த மாணவனுக்கு முதல் பரிசு. மாணவிக்கு ஆறாம் இடம். குரல்வளத்தில் நான் இட்டது 20-க்கு 8. சரி, குரல் சிறியதுதான். ஆனால் கருத்தில் நான் இட்டது 40-க்கு 22! இன்றும் அந்தத் தாளின் நகல் என்னிடம் இருக்கிறது. நூலகம் என்ற தலைப்பில் அன்று அந்த மண்டபத்தில் கேட்ட ஒரே சொந்தச் சிந்தனைக்கு நான் கொடுத்த விலை அது.

பரிசளிப்புக்குப் பின் அந்த மாணவனைத் தட்டிக் கொடுத்து, "அலெக்சாந்திரியா எந்த நாட்டுல இருக்கு, தம்பி?" என்று விளையாட்டாகக் கேட்டேன். அவன் திரும்பித் தன் ஆசிரியரைப் பார்த்தான். பிள்ளையின் மேல் ஒரு குற்றமும் இல்லை. கொடுத்ததைக் கொடுத்தபடி சிறப்பாகச் செய்தவன் அவன். குற்றம் மேசைக்கு இந்தப் பக்கத்தில் இருந்தது. மறு ஆண்டு அதே போட்டிக்கு வந்திருந்த அந்த மாணவியின் ஆசிரியையிடம் விசாரித்தேன். "கூப்பிட்டேங்க ஐயா, வரமாட்டேன்னுட்டா. எனக்குக் குரல் பத்தாது டீச்சர், வேற யாரையாச்சும் அனுப்புங்கன்னு சொல்றா" என்றார்.

அன்று முதல் மதிப்பிடுதல் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்கலானேன். நாங்கள் செய்த தவறுகளுக்கு நெடுங்காலமாகவே பெயர்கள் உண்டு என்று அறிந்தபொழுது ஆறுதலாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

முதலாவது தவற்றை 1920-ஆம் ஆண்டிலேயே எட்வர்ட் தார்ண்டைக் என்னும் அமெரிக்க உளவியலாளர் எடுத்துக்காட்டியிருக்கிறார். இராணுவத்தில் மேலதிகாரிகள் தம் கீழ் உள்ளவர்களின் உடற்கட்டு, அறிவு, தலைமைப் பண்பு, நடத்தை ஆகியவற்றைத் தனித்தனியே மதிப்பிட்டபொழுது, ஒன்றில் உயர்வாக மதிப்பிட்டவரை மற்றவற்றிலும் உயர்வாகவே மதிப்பிட்டிருந்தார்கள். உடற்கட்டுக்கும் அறிவுக்கும் அத்தனை நெருக்கம் இருக்க வழியில்லை. ஒரு பண்பின் ஒளி மற்றப் பண்புகளின் மேலும் விழுந்துவிடுகிறது. இதை 'ஒளிவட்ட விளைவு' என்கிறார்கள். என் பழைய தாள்களை எடுத்துப் பார்த்தேன். குரல்வளத்தில் 17, 18 வாங்கிய பிள்ளைகள் எல்லாருக்கும் கருத்திலும் 33-க்குக் குறையாமல் இட்டிருந்தேன். நான்கு தலைப்புகளில் மதிப்பெண் இட்டதாக நான் நினைத்துக்கொண்டிருந்தது உண்மையில் ஒரே தலைப்பில், அதாவது குரலில், நான்கு முறை இட்டதுதான்.

வள்ளுவர் சொல்வன்மைக்கு 65-ஆம் அதிகாரத்தையும், அவையறிதலுக்கு 72-ஆம் அதிகாரத்தையும், அவையஞ்சாமைக்கு 73-ஆம் அதிகாரத்தையும் ஒதுக்கியிருக்கிறார். முப்பது குறள்களில் உரத்த குரலைப் புகழ்ந்து ஒன்றுகூட இல்லை. கற்றதைப் பிறர் உணரும்படி விரித்துரைக்க இயலாதவரை மணமில்லாத பூங்கொத்துக்கு ஒப்பிடுகிறார். மனனம் செய்ததைச் சொல்வது வேறு, கற்றதை விரித்துரைப்பது வேறு என்பதை இதைவிடத் தெளிவாக எவரும் சொல்லவில்லை என்பது என் எண்ணம்.

அதற்காக மனனம் தாழ்ந்தது என்று நான் சொல்வதாக எவரும் கொள்ள வேண்டாம். நம் மரபே நினைவாற்றலின் மேல் நின்ற மரபு. மனனம் செய்த பிள்ளையின் நாவில் நல்ல தமிழ் தங்குகிறது, அது பின்னாளில் பயன் தரும். ஆனால் அதற்கு 'ஒப்புவித்தல் போட்டி' என்று பெயரிட்டு, அதற்குரிய பரிசைக் கொடுக்கலாமே! ஆசிரியர் எழுதியதைப் பிள்ளை ஒப்புவிக்க, அதற்குப் 'பேச்சுப் போட்டி' என்று பெயரிட்டு, 'கருத்து' என்ற தலைப்பில் 40 மதிப்பெண்ணை நாம் யாருக்கு இடுகிறோம்? வீட்டில் இருக்கும் ஆசிரியருக்கு!

வரிசை செய்யும் வேலையும் சிறிதன்று. முதலில் பேசும் பிள்ளைக்குத் துணிந்து 85 இட எவருக்கும் கை வராது. பின்னால் இதைவிட நல்ல பேச்சு வந்தால் எங்கே போவது என்று 72-இல் நிறுத்திவிடுவோம். மிகச் சிறந்த பேச்சுக்கு அடுத்து வருபவரின் பாடும் திண்டாட்டமே. பேசும் வரிசையைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிப்பது துரதிர்ஷ்டத்தைப் பங்கிட்டுக் கொடுக்குமே தவிர நீக்காது. ஆகவே இப்பொழுது முதல் மூவருக்குப் பென்சிலால் மட்டுமே எண் இட்டு, குறிப்பை விரிவாக எழுதிக்கொள்கிறேன். மூவரையும் கேட்டு முடித்த பிறகே பேனாவை எடுக்கிறேன்.

இனி, கூட்டல் கணக்கு. இதைப் பலரும் கவனிப்பதில்லை, ஏற்பாட்டாளர்கள் தயவுசெய்து சற்று நின்று பார்க்க வேண்டும். மூன்று நீதிபதிகள், இரண்டு பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். முதல் நீதிபதி ஒரு பிள்ளைக்கு 78, மற்றப் பிள்ளைக்கு 76 இடுகிறார். இரண்டாமவர் 80, 79 இடுகிறார். ஆக, இருவர் பார்வையிலும் முதல் பிள்ளையே சிறந்தது. மூன்றாமவர் தாராளமாகவும் கடுமையாகவும் எண்களை வீசுபவர். அவர் முதல் பிள்ளைக்கு 62, இரண்டாம் பிள்ளைக்கு 84 இடுகிறார். கூட்டிப் பாருங்கள். முதல் பிள்ளைக்கு 220, இரண்டாம் பிள்ளைக்கு 239. மூவரில் இருவர் சொன்னது தோற்று, ஒருவர் சொன்னது வென்றுவிட்டது! அவர் கெட்டவரல்லர், எண்களை அகலமாகப் பயன்படுத்துகிறவர். அவ்வளவே. கூட்டல் முறையில் யார் அகலமாக மதிப்பெண் இடுகிறாரோ அவரே உண்மையான தலைமை நீதிபதி.

1924-இல் அமெரிக்காவில் தொடங்கி இன்று உலகெங்கும் கிளைகள் கொண்டுள்ள டோஸ்ட்மாஸ்டர்ஸ் பேச்சாளர் மன்றத்தில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். நீதிபதிகள் தத்தம் தாளில் மதிப்பெண் இட்டுக்கொள்ளலாம். ஆனால் அவர்கள் ஒப்படைப்பது முதல் மூன்று இடங்களை மட்டுமே. முதலிடத்துக்கு 3, இரண்டாமிடத்துக்கு 2, மூன்றாமிடத்துக்கு 1 என்று புள்ளி கணக்கிடுகிறார்கள். யாருடைய எண் அகலம் என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. இதிலும் குறை உண்டு. முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் இடையே இருப்பது அரை மதிப்பெண்ணா, இருபது மதிப்பெண்ணா என்பதை இட வரிசை மறைத்துவிடும். எனினும் இரண்டு குறைகளில் நான் இதையே ஏற்பேன்.

நீதிபதிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளலாமா என்று கேட்பார்கள். மூவரும் தத்தம் வரிசையை மையினால் எழுதிய பிறகு பேசலாம், அதற்கு முன் ஒரு சொல்லும் கூடாது. முன்னதாகப் பேசினால் வயதில் மூத்தவர் சொன்னதுதான் முடிவாகும். எங்கள் பக்கம் மரியாதை அதிகம். நான் இளையவனாக இருந்தபொழுது தலைமை நீதிபதி "அந்தப் பொண்ணு பரவாயில்லை" என்று முணுமுணுத்ததைக் கேட்டே என் எண்ணைத் திருத்தியிருக்கிறேன். பின்னாளில் நான் முணுமுணுத்ததைக் கேட்டு எத்தனை பேர் திருத்தினார்களோ!

உச்சரிப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் நாம் மிகுதியாகச் சண்டையிடுவது அதற்காகத்தான். வாழையை 'வாளை' என்றால் பழம் மீனாகிவிடும், திருத்த வேண்டியதுதான். ஆனால் பொருள் மயங்காத இடத்தில் ஒவ்வொரு சறுக்கலுக்கும் ஒரு மதிப்பெண் வெட்டுவதால், பிள்ளைகள் ழகரம் வராத சொற்களாகத் தேடிப் பேசுகிறார்கள். இது நான் கண்டது. வீட்டில் தமிழோடு மலாயும் ஆங்கிலமும் கலந்து புழங்கும் பிள்ளை மேடையேறித் தமிழில் ஐந்து நிமிடம் சிந்திக்கிறது என்றால், முதலில் கேட்க வேண்டியது அந்தச் சிந்தனையை.

அண்டை நாடான சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் தாய்மொழிப் பாடத்தில் மொத்தம் 200 மதிப்பெண்ணில் 50 வாய்மொழித் தேர்வுக்கு உரியது. மாணவர் ஒரு பகுதியை வாய்விட்டு வாசிக்கிறார், பிறகு ஓர் ஒளிக்காட்சியைப் பார்த்து அதைப் பற்றித் தேர்வாளரோடு உரையாடுகிறார். உரையாடலை எவரும் எழுதிக் கொடுத்துவிட முடியாது. நம் நாட்டில் யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2019-இல் கடைசியாக நடந்து, 2021-இல் அகற்றப்பட்டது. இப்பொழுது வகுப்பறையிலேயே ஆசிரியர் மாணவரின் கேட்டல், பேச்சுத் திறனை 1 முதல் 6 வரையிலான அடைவு நிலைகளில் மதிப்பிடுகிறார். இதில் எனக்குப் பிடித்தது எண் அன்று. ஒவ்வொரு நிலைக்கும் எதிரே, அந்த நிலையில் உள்ள மாணவரால் என்ன செய்ய இயலும் என்று சொற்களால் எழுதியிருக்கிறார்கள். 'குரல்வளம் 20' என்று எழுதிவிட்டு வெற்றிடம் விடவில்லை.

அதைப் பார்த்து, நானும் இரண்டு நண்பர்களும் எங்கள் போட்டித் தாளைத் திருத்தி எழுதினோம். கருத்து 35, கருத்தை அடுக்கிய ஒழுங்கு 20, மொழி 15, எடுத்துரைக்கும் முறை 15, கேள்விக்கு விடை 15. ஒவ்வொன்றின் கீழும் மூன்று வாக்கியங்கள். கருத்தின் கீழ் உள்ளவை இவை: 'தலைப்பைச் சுற்றிப் பொதுவாகப் பேசினார்.' 'பொருத்தமான செய்திகளைச் சொன்னார்; ஆனால் அவற்றைக் கொண்டு என்ன சொல்ல வருகிறார் என்பது விளங்கவில்லை.' 'ஒன்றைச் சொல்லி, தாம் கண்டதையோ படித்ததையோ அதற்குச் சான்றாக்கினார்.' நீதிபதி முதலில் வாக்கியத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும், பிறகுதான் எண். அந்தப் பழைய மாணவியை இந்தத் தாளில் வைத்துப் பார்த்தால், மூன்றாவது வாக்கியத்தைத் தவிர வேறெதையும் என்னால் தேர்ந்தெடுக்க முடியாது. மறந்து நின்ற பத்து விநாடிக்கு எங்கும் மதிப்பெண் குறைவதில்லை. நின்ற பிறகு என்ன செய்தாள் என்பதுதான் கணக்கு.

தாளின் கடைசி 15 மதிப்பெண்ணைச் சேர்ப்பதற்குத்தான் எதிர்ப்பு மிகுதி. பேச்சு முடிந்ததும் நீதிபதி இரண்டு கேள்விகள் கேட்பார். "சின்னப் புள்ளைங்களைப் போய்க் குறுக்கு விசாரணை பண்றதா?" என்றார் ஓர் ஏற்பாட்டாளர். மடக்கும் கேள்விகள் அல்ல. நீ சொன்னதில் உனக்கு மிகவும் பிடித்த இடம் எது, ஏன் பிடித்தது, உன் வீட்டில் இப்படி ஏதும் நடந்திருக்கிறதா, இப்படிப்பட்டவை. கிழிந்த பக்கத்துக்கு நீ எழுதிய முடிவு என்னம்மா என்று 2008-இல் நான் கேட்டிருக்க வேண்டும். கேட்க எங்களுக்கு விதியில்லை, எனக்கும் தோன்றவில்லை.

2024 ஜனவரியில் பினாங்கில் சுங்கை டுவா நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் பெரிய வால்வுகளை மாற்றியதால் பல இடங்களில் நாள்கணக்கில் தண்ணீர் வரவில்லை என்பது வாசகர்களுக்கு நினைவிருக்கும். அவ்வாண்டுப் போட்டி ஒன்றில் நீரின் அருமை பற்றி ஒரு மாணவன் பேசினான். உலகில் எத்தனை பங்கு நீர், எத்தனை பங்கு நிலம் என்று எல்லாம் மனனம். நான் கேட்டேன்: "தண்ணி வராத அந்த நாள்ல உங்க வீட்டுல என்ன செஞ்சீங்க?" பையன் ஒரு கணம் விழித்தான். பிறகு முகம் மாறியது. பாட்டி இரண்டு தோங்கில் தண்ணீர் பிடித்து வைத்ததையும், அரிசி கழுவிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றியதையும், கழிவறைக்கு ஒரு வாளிக்கு மேல் கூடாதென்று பாட்டி வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டதையும் சொன்னான். மண்டபமே சிரித்தது. மூன்று நிமிட மனனத்தில் ஒருமுறைகூட எங்களை நிமிர்ந்து பார்க்காத பிள்ளை, இப்பொழுது எங்கள் கண்ணைப் பார்த்துப் பேசினான். 'தோங்' தமிழ்ச்சொல் அன்று என்று சக நீதிபதி ஒருவர் மொழியில் ஒரு மதிப்பெண் குறைத்தார். அவர் உரிமை அது. நான் குறைக்கவில்லை. அந்தப் பாட்டி அதைத் தோங் என்றுதானே சொல்லியிருப்பார்!

கேள்வி முறையிலும் அநீதி நுழையலாம். ஒரு பிள்ளைக்கு எளிய கேள்வி, மற்றதற்குக் கடினமானது என்று ஆகிவிடலாம். ஆகவே முதல் கேள்வி எல்லாருக்கும் ஒன்றே, இரண்டாவது மட்டும் அவரவர் பேச்சிலிருந்து. இதற்குப் போட்டி அரைமணி நேரம் கூடுதலாக நீளும். மண்டப வாடகை கட்டுகிறவர்களுக்கு அது சுமைதான், மறுக்கவில்லை.

பெற்றோரின் கேள்விக்கு வருகிறேன். இப்பொழுது வாசலில் நின்று பொத்தாம் பொதுவாகப் பதில் சொல்வதில்லை. போட்டியில் பேசிய ஒவ்வொரு பிள்ளைக்கும், பரிசு பெற்றாலும் பெறாவிட்டாலும், ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கிறோம். அதில் இரண்டே வரி. நன்றாக அமைந்த ஓர் இடம், அடுத்த முறை செய்து பார்க்க வேண்டிய ஒன்று. 'நன்று, மேலும் முயல்க' என்று எழுதக்கூடாது என்பது எங்களுக்குள் கட்டுப்பாடு. 'அரிசி கழுவிய தண்ணீர் என்று சொன்னாய், அப்பொழுது எல்லாரும் உன்னைப் பார்த்தார்கள்; அடுத்த முறை அதையே தொடக்கமாக வைத்துப் பார்' என்பது போல எழுத வேண்டும். இதற்குப் பேச்சின்பொழுதே குறிப்பு எடுத்திருக்க வேண்டும், ஆகவே நீதிபதிகள் கைத்தொலைபேசியைப் பைக்குள் வைத்தாக வேண்டும்.

பதினொரு சீட்டு எழுத மூவருக்கும் சேர்ந்து இருபது நிமிடம் ஆகும். அதற்குள் பிள்ளைகள் மீகூன் சாப்பிட்டுவிட்டு மண்டபத்தில் ஓடிப்பிடித்து விளையாடுவார்கள். பரிசளிப்பு அதுவரை காத்திருக்கும். சிறப்பு விருந்தினருக்கு வேறு நிகழ்ச்சி இருந்தால், கிண்ணத்தை அவர் கொடுத்துவிட்டுப் போகட்டும், சீட்டை நாங்கள் கொடுக்கிறோம்.